பழைய கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்ட்: காசு கொடுக்க முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் கிராபிக்ஸ் கார்ட் விசாரிக்கப் போகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, இது நம்முடைய மதர்போர்டுக்குச் சரிவருமா என்றுதான். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் பழையதும் புதியதும் ஒத்துப்போகும்படியே வகுக்கப்பட்டது. அதனால் ஸ்லொட்டில் கார்ட் ஏறாமல் போவது அபூர்வம். காசு வீணாவது பவர் சப்ளையில், பெட்டியின் அளவில், மொனிட்டர் வயரில்.

கம்பனிகள் பாவித்துவிட்டு விற்ற டெல், எச்பி பெட்டிகளை வாங்கி வீட்டில் வைத்திருப்போர் நம்மிடையே நிறையப் பேர். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010ஐ எடுத்துக்கொள்வோம். சின்னப் பெட்டியில் 240 வாட்ஸ் பவர் சப்ளை, மினி டவரில் 275 வாட்ஸ். இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனியாகக் கரண்ட் கொடுக்கும் 6 பின் வயர் கிடையாது. ஆகவே ஸ்லொட் தரும் 75 வாட்ஸுக்குள் ஓடும் கார்ட்தான் வேண்டும். என்விடியா கம்பனியின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்ஸ். 1050 டிஐயும் 1650உம் 75 வாட்ஸ். ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 1050 டிஐ, 1650 இரண்டிலுமே 6 பின் சொக்கெட் வைத்த கார்ட்களும் உண்டு, வைக்காத கார்ட்களும் உண்டு. கார்டின் மேல் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்னப் பெட்டி என்றால் லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டும் அதற்குரிய குட்டைத் தகடும் கட்டாயம். கார்ட் இரண்டு ஸ்லொட் தடிப்பா, பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் அளந்து பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றித் தரும் அடப்டரை மலிவாக வாங்கிச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு இருப்பது 3 பின், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். கணக்குப் போட்டால் 54 வாட்ஸ். 6 பின் சொக்கெட்டோ 75 வாட்ஸ் வரை இழுக்கலாம். மிச்சச் சுமை பிளாஸ்டிக்கைச் சூடாக்கும், உருக்கும், சில வேளை தீயும் பிடிக்கும்.

லோக்கல் அசெம்பிள் பெட்டியில் "500 வாட்ஸ்" என்று பெரிதாக அச்சிட்ட பவர் சப்ளை இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். ஸ்டிக்கரில் +12 வோல்ட் வரியைத் தேடுங்கள். அங்கே 18 அம்பியர் என்றிருந்தால் கார்டுக்கும் புரொசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்ஸ்தான். கேம் தொடங்கியதும் மெஷின் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், டிரைவரை மாற்ற முன் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

லேன், அதாவது கார்டும் போர்டும் தரவு கடத்தும் பாதைகள், பலர் கவனிக்காத விஷயம். 7010இல் நீல ஸ்லொட், கறுப்பு ஸ்லொட் இரண்டும் ஒரே நீளம்; ஆனால் கறுப்பில் 4 லேன்தான் உண்டு. கார்டை நீலத்தில் பூட்டுங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 போன்ற கார்ட்களில் கார்டிலேயே 4 லேன்தான். பிசிஐ எக்ஸ்பிரஸின் 4.0 பதிப்பில் அது செக்கனுக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும், 3.0இல் 4, 2.0இல் 2. இரண்டாம் தலைமுறை இன்டெல் புரொசசர்களும் ஐ3-3220உம் 2.0தான். பழைய போர்டில் இத்தகைய கார்டைப் போட்டால், கார்டின் நினைவகம் நிரம்பும் கேம்களில் படம் நின்று நின்று ஓடுவது இதனால்தான். பழைய போர்டுக்கு 16 லேன் உள்ள பழைய கார்டே மேல் என்பது என் முடிவு. இன்டெல்லின் ஆர்க் கார்ட்கள் இந்த வயதுப் பெட்டிகளுக்குப் பொருந்தா. புரொசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாமல் அவற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

மொனிட்டர் பழைய விஜிஏயா? ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து விஜிஏ சிக்னல் வருவதில்லை. கார்டின் டிவிஐ சொக்கெட்டை உற்றுப் பாருங்கள்: தட்டையான நீளத் துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இல்லையென்றால் சாதாரண டிவிஐ-விஜிஏ முனை பொருந்தாது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வேர்ட்டர் வேண்டும்.

எல்லாம் பூட்டியும் திரை கறுப்பா? முதலில் மொனிட்டர் வயர் மதர்போர்டில் அல்லாமல் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டைக் கழற்றி, கிளிப் "டக்" என்று விழும்வரை மறுபடி அழுத்துங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடற்கரைப் பக்கங்களில் உப்புக்காற்றால் கார்டின் பொன் முலாம் பூசிய தொடுமுனைகளில் அழுக்குப் படியலாம். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டு, போர்டின் சொந்த கிராபிக்ஸில் ஏற்றி, மெஷின் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போங்கள். பழைய கார்ட் என்றால் செக்யூர் பூட் (Secure Boot) என்ற அமைப்பை நிறுத்தி, பழைய கார்ட்களை ஏற்க உதவும் சிஎஸ்எம் (CSM) அல்லது லெகசி ரொம் (Legacy ROM) அமைப்பை இயக்குங்கள். பிறகு, டெல் பெட்டியென்றால், அதில் ஒட்டியுள்ள சர்விஸ் டேக் எண்ணைக் கொடுத்து, டெல் தளத்திலிருந்து கடைசி பயோஸை இறக்கி ஏற்றுங்கள். இதை யூபிஎஸ் இல்லாமல் செய்யவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

திரை வந்தும் டிரைவர் ஏறவில்லையென்றால் விண்டோஸ் 32 பிட்டா என்று பாருங்கள். என்விடியா 2018இலேயே 32 பிட்டுக்குப் புது டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது.

பாவித்த கார்ட் வாங்கும்போது கடையிலேயே, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இஸட் என்ற மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். பழைய ஜிடிஎஸ் 450ஐ 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்பவர்கள் உண்டு. அப்படிப் பல கார்ட்களை அது போலி என்று காட்டிக்கொடுக்கும். பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்றிருந்தால் பதற வேண்டாம், சும்மா இருக்கும்போது அப்படித்தான். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மையான வேகமும் லேனும் தெரியும்.