காரைக்குடியும் ஒரு தடவை எம்.எல்.ஏ சா.கணேசனும்

எங்க காரைக்குடி சட்டமன்றத் தொகுதியோட லிஸ்ட்டை 1952ல இருந்து 2021 வரைக்கும் வரிசையா எழுதிப் பாருங்க, ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். அடுத்தடுத்து ரெண்டு எலெக்‌ஷன் ஜெயிச்ச ஆளே இங்க கிடையாது. ஒருத்தர் கூட இல்ல. ரெண்டு தடவை ஜெயிச்சவங்க இருக்காங்க, சி.டி.சிதம்பரம் 1971லயும் 1980லயும், என்.சுந்தரம் 1996லயும் 2006லயும், ஆனா நடுவுல ஒரு தடவை வீட்டுல உட்கார வச்சுட்டுத்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கு ஊரு. எலெக்‌ஷன் கணக்கு பார்க்குறது எனக்கு ஒரு கிறுக்கு, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மனப்பாடமா வச்சிருப்பேன், அதனால யாராச்சும் "எங்க ஆளு இங்க அசைக்க முடியாது"ன்னு சொன்னா இந்த லிஸ்ட்டைத்தான் எடுத்து நீட்டுவேன்.

அந்த லிஸ்ட்டுல 1962க்கு நேரா ஒரு பேர் இருக்கு. சா.கணேசன், சுதந்திராக் கட்சி. போன மாசம் எங்க ஆபீஸ்ல வேலை பார்க்குற ரெண்டு பசங்ககிட்ட இதைச் சொன்னேன், ரெண்டு பேரும் இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவங்கதான், "யாரு, கம்பன் அடிப்பொடியா? அவரு எம்.எல்.ஏவா இருந்தாரா?"ன்னு கேட்டாங்க. கம்பன் அடிப்பொடின்னுதான் ஊருல அவருக்குப் பேரு, அதனால அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஊருல யாரும் அவரை முன்னாள் எம்.எல்.ஏன்னு சொன்னதே இல்ல. கம்பன் மணிமண்டபத்தைக் காட்டி "இவர் கட்டினது"ம்பாங்க, பங்குனி வந்தா கம்பன் விழாம்பாங்க, அதோட சரி. அதனாலதான் அவரோட அரசியல் பக்கத்தை மட்டும் தனியா எழுதலாம்னு உட்கார்ந்தேன், ஆனா எழுத எழுத கம்பனை விட்டுட்டு எழுத முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு.

1908ல பிறந்தவர். காங்கிரஸ்காரர், ராஜாஜி பக்தர்னே சொல்லலாம், 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல இறங்கினவர். அந்த ஆகஸ்ட்ல நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு இப்ப ஸ்கூல் புள்ளைகளுக்குத் தெரியுமான்னு தெரியல, தேவகோட்டைல கோர்ட்டையே கொளுத்துனாங்க, திருவாடானைல சப்ஜெயிலை உடைச்சு சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை வெளிய கொண்டு வந்தாங்க. அப்படி ஒரு சூடான ஏரியா இது. செட்டிநாடுன்னா பெரிய வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், சிக்கன்னு மட்டும் நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன். சட்டை போட மாட்டார், வேட்டியும் மேல ஒரு துண்டும்தான், எந்தப் பெரிய சபைக்குப் போனாலும் அதே கோலம்தான். போட்டோவுல பார்த்தா ஏதோ கோயில் பண்டாரம் மாதிரி இருப்பார், ஆனா கல்வெட்டு, சிற்பம், கோயில் கட்டுமானம்னு வாயைத் திறந்தா ஆளு வேற.

1939ல காரைக்குடில முதல் கம்பன் விழா, தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி தலைமை. அப்ப இருந்து பங்குனி மகம், பூரம், உத்திரம் மூணு நாள் இங்க, அஸ்தத்தன்னைக்கு நாலாவது நாள் நாட்டரசன்கோட்டைல கம்பன் சமாதி இருக்குற இடத்துல. அந்த மேடையோட ஸ்பெஷல் என்னன்னா டைம். நம்ம ஊரு விழான்னா ஆறு மணின்னு போட்டா ஏழரைக்குத்தான் மைக் டெஸ்டிங்கே நடக்கும், இங்க ஆறுன்னா ஆறுதான், எவ்வளவு பெரிய பேச்சாளரா இருந்தாலும் கொடுத்த நிமிஷம் முடிஞ்சா முடிஞ்சதுதான். அரசியல்ல இருந்த ஒரு மனுஷன் இதைச் செஞ்சாருன்றது எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு, ஏன்னா அரசியல் மேடைல நேரம்னு ஒண்ணே கிடையாது. கம்யூனிஸ்ட் ஜீவா கம்பனைப் பேசுவார், காங்கிரஸ்காரர் பேசுவார், நீதிபதி பேசுவார், கட்சியை வெளிய கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வரணும்.

சரி எலெக்‌ஷனுக்கு வர்றேன். 1959ல ராஜாஜி காங்கிரஸை எதிர்த்து சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் ஒழியணும்ன்றதுதான் மெயின் பேச்சு. சா.கணேசன் அவர் பின்னாடி போயிட்டார். இதுல நான் நினைக்கிறது என்னன்னா, அந்தப் பேச்சு எடுபட தமிழ்நாட்டுலயே தோதான இடம் நம்ம ஊருதான். பர்மால வட்டிக்கடையும் வயலுமா இருந்த குடும்பங்க 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நடந்தே திரும்பி வந்துச்சு, யுத்தம் முடிஞ்சப்புறம் அந்த நாட்டு கவர்மென்ட்டு நிலத்தை எடுத்துக்கிச்சு. கவர்மென்ட்டு கை வச்சா என்ன ஆகும்னு புஸ்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் இங்க யாருக்கும் இல்ல. ஆனா தொகுதின்னா நகரத்தார், அதாவது செட்டியார் குடும்பங்க மட்டுமா, சுத்துப்பட்டு கிராமம் பூராவும் இருக்குல்ல, அவங்க ஓட்டும் விழுந்தாத்தானே ஜெயிக்க முடியும். எங்க அப்பத்தாகிட்ட ஒரு தடவை கேட்டேன், அந்த எலெக்‌ஷன்ல யாருக்குப் போட்டீகன்னு. "நட்சத்திரத்துலதான் குத்துனேன், அவுக நல்ல மனுசரு, வீட்டு வாசல்ல வந்து நின்னாக, ஒரு வாய் தண்ணி கேட்டாக"ன்னுச்சு. கட்சி பேர் கேட்டா தெரியல. ராஜாஜி கட்சின்னேன், "அப்படியா?"ன்னு கேட்டுட்டு வெத்தலையை மடிக்க ஆரம்பிச்சுருச்சு.

இதுல ரசிக்க வேண்டிய இன்னொண்ணு, அதுக்கு முந்தி 1957ல இந்தத் தொகுதில ஜெயிச்சது யார்னா ராஜா சர் முத்தையா செட்டியார், காங்கிரஸ் சார்பா. கானாடுகாத்தான் அரண்மனைக்காரர். அஞ்சு வருஷம் கழிச்சு அதே சீட்டுல சட்டை போடாத ஒருத்தர். ரெண்டு பேருமே தமிழுக்கு வேண்டியவங்கதான், அது வேற.

1962 ரிசல்ட்டைப் பாருங்க. மொத்தம் 206 சீட்டு, காங்கிரஸ் 139, திமுக 50, சுதந்திராவுக்கு வெறும் 6. அந்த ஆறுல ஒண்ணு காரைக்குடி, இன்னொண்ணு பக்கத்துலயே திருவாடானை, கரியமாணிக்கம் அம்பலம். காஞ்சிபுரத்துல அண்ணாவே தோத்துப்போன எலெக்‌ஷன் அது, காமராஜர் உச்சத்துல இருந்த நேரம், அப்ப இந்தப் பக்கம் மட்டும் தனி ரூட்டுல போயிருக்கு. ஆறு பேர் இருக்குற கட்சி எம்.எல்.ஏவால தொகுதிக்கு ரோடு பாலம்னு எவ்வளவு வாங்கிட்டு வந்திருக்க முடியும், பெருசா ஒண்ணும் முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன், இப்பவும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ பாடு அப்படித்தானே. அவரோட சாதனைன்னு எம்.எல்.ஏ கணக்குல எழுதறதுக்கு நிறைய இருக்கும்னு எனக்குத் தோணல, அதுக்காக மிகைப்படுத்திச் சொல்லவும் இஷ்டம் இல்ல.

அப்புறம் வருது 1967, உண்மையிலேயே வேடிக்கை இங்கதான். ராஜாஜியும் அண்ணாவும் கூட்டணி. கம்பராமாயணத்தைக் கொளுத்தணும்னு 1943ல மேடை போட்டு வாதாடினவர் அண்ணா, கம்பனைக் கிழிச்சு ஒரு புத்தகமே போட்டவர். இந்தப் பக்கம் கம்பன் காலடித் தூசின்னு தன் பேர்லயே போட்டுக்கிட்டவரோட கட்சி. ரெண்டும் ஒரே மேடைல ஓட்டு கேட்டுச்சு, சுதந்திராவுக்கு 20 சீட்டு கிடைச்சது, காரைக்குடி திரும்பவும் சுதந்திராவுக்கே போச்சு. ஆனா கவனிங்க, ஆளு மாறிட்டாரு, இந்தத் தடவை ஜெயிச்சவர் எஸ்.மெய்யப்பன். கட்சி தொடர்ந்து ரெண்டு தடவை ஜெயிச்சும் ஆளு தொடரல, நம்ம லிஸ்ட்டோட ராசி அப்படி.

சா.கணேசன் 1968ல மேலவைக்குப் போனார், 1974 வரைக்கும் எம்.எல்.சி. அதே 1968ல முதலமைச்சர் அண்ணா சென்னைல உலகத் தமிழ் மாநாடு நடத்தினாரே, அதுல கோயில் சிற்பம் சம்பந்தப்பட்ட வேலைக்கு சா.கணேசன் கைதான் தேவைப்பட்டுச்சு. கம்பனை வச்சு எதிரும் புதிருமா நின்னவங்க, வேலைன்னு வந்தப்ப யாருக்கு என்ன தெரியும்னு பார்த்திருக்காங்க. இதை இன்னைக்கு டிவி டிபேட்ல உட்கார்ற யார்கிட்டயாச்சும் சொன்னா நம்புவாங்களா தெரியல.

1971ல காரைக்குடி திமுகவுக்குப் போச்சு, 1972 டிசம்பர்ல ராஜாஜி போயிட்டார், 1974ல சுதந்திராக் கட்சியே வேற கட்சில கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவர் பிடிச்ச வேலை தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில், மணிமண்டப வளாகத்துலயே. 1975ல அடிக்கல், நாட்டுனது கலைஞர், அப்ப முதலமைச்சர். 1982ல சா.கணேசன் காலமாகிட்டார், கோயில் திறந்தது 1993ல. பாதில நின்னு போகாம முடிச்சதே பெருசு. உள்ள போனா தமிழ்த்தாயோட அகத்தியர், தொல்காப்பியர், வள்ளுவர், இளங்கோ, கம்பர் எல்லாம் இருப்பாங்க. சாயங்காலம் போங்க, வெயில்ல கல்லு சுடும், செருப்பை வெளிய விட்டுட்டு ஓட்டமா ஓடணும்.

அவருக்கு அப்புறமும் இந்தத் தொகுதி அதே குணத்தோடதான் இருக்கு. 1980ல எம்.ஜி.ஆர் ஆட்சியைப் பிடிச்சார், இங்க திமுக. 2001ல ஜெயலலிதா அடிச்ச அடியில திமுக கூட்டணி காலி, இங்க அந்தக் கூட்டணில நின்ன பாஜக எச்.ராஜா கொஞ்ச ஓட்டுல கரையேறிட்டார். 2016ல அதிமுக திரும்ப ஆட்சிக்கு வந்துச்சு, இங்க காங்கிரஸ் கே.ஆர்.ராமசாமி. இந்த ராமசாமி யாருன்னா, மேல சொன்னேனே திருவாடானை கரியமாணிக்கம் அம்பலம், அவரு பையன். திருவாடானைல வரிசையா ஜெயிச்சுக்கிட்டு இருந்தவர், தொகுதி மறுசீரமைப்புல தேவகோட்டை காரைக்குடியோட சேர்ந்துட்டதால 2011ல இங்க வந்து நின்னார், தோத்தார், அதிமுக சோழன் சி.த.பழனிச்சாமி ஜெயிச்சார், 2016ல அதே ஊரு ராமசாமியை ஜெயிக்க வச்சது. 2021ல திரும்ப எச்.ராஜா நின்னார், காங்கிரஸ் மாங்குடிகிட்ட 21,589 ஓட்டுல தோத்தார். இருபது வருஷத்துல ஒரே ஆளுக்கு ஒரே ஊரு கொடுத்த ரெண்டு தீர்ப்பு.

போன வாரம் அஞ்சு விளக்குகிட்ட டீக்கடைல இதையே ஒரு அண்ணன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், பழைய கட்சிக்காரர், எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன். "ஏம்ப்பா, அவரு எம்.எல்.ஏவா இருந்து என்ன செஞ்சாரு சொல்லு"ன்னு கேட்டார். பெருசா ஒண்ணும் இல்லண்ணே, ஆனா இப்ப அப்படி ஒரு ஆளு சபைக்குள்ள போகணும்னா வழியே இல்ல, மேலவையை 1986லயே கலைச்சாச்சு, எலெக்‌ஷன்ல நிக்கணும்னா கோடிக்கணக்குல வேணும்னேன். அவர் டீயை ஒரு ஆத்து ஆத்திட்டு, "சரி, இப்ப அவரு உயிரோட வந்து நின்னா நீ ஓட்டு போடுவியா?"ன்னார்.

கூட்டணி யாரோடன்னு பார்த்துட்டுச் சொல்றேண்ணேன்னேன். டீக்காசை என்னையே கொடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டார்.