லைன் வீட்டுக் கணக்கு

ஜூலை 7, 2024, ஞாயிறு

வடமாநிலத் தொழிலாளர் ஆய்வுக்காகத் திருப்பூர் வேலம்பாளையம். ஒரே கூரையின் கீழ் எட்டு அறை, கோடியில் பொதுக் குளியலறை. இருப்பது எல்லாம் ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள். தன்பாத்-ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறினால் நேராகத் திருப்பூர்தான்.

வடமாநிலத்தவரை இங்கே தாக்குகிறார்கள் என்று போன வருஷம் மார்ச்சில் பரவிய பொய் வீடியோக்களுக்கு அப்புறம், செல்போனைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதைப் பையில் போட்ட பிறகுதான் ஒருவன் "உக்காருங்க தீதி" என்று பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) அடிக்கிறான். மாமன் கூட்டி வந்தானாம், டிக்கெட் சொந்தக் காசு.

அங்கேதான் சிக்கல். வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979 சட்டப்படி காண்ட்ராக்டர் அழைத்து வந்தவருக்குத்தான் பயணப்படி, இடப்பெயர்ச்சிப் படி எல்லாம். மாமன் பின்னால் வந்தவன் கணக்கிலேயே இல்லை. தானாக வந்தவர்களையும் சேர்க்கும் 2020 பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த 2024 ஜூலை வரை நடைமுறைக்கு வரவில்லை.

ஜூலை 9

வீட்டுக்காரரிடம் பேசினேன். உசிலம்பட்டிப் பக்கம். எண்பதுகளில் வந்து, எடுபிடியாகச் சேர்ந்து, டைலராகி, பவர் டேபிள் (வரிசையாக மோட்டார் தையல் மெஷின்கள்) காண்ட்ராக்ட் எடுத்து, இப்போது லைன் வீடு. "இவனுங்க வந்ததுல இருந்து கூலி ஏறவே மாட்டேங்குது மேடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து அவரே சிரித்தார்: "எங்களையும் அப்படித்தான் சொன்னாங்க."

டீ கொண்டு வந்த அவர் மனைவி இருபது வருஷம் செக்கிங்கில், தைத்த துணியில் குறை பார்க்கும் வேலையில், நின்றவர். கேள்வித்தாளில் ஊர் மாறிய காரணம் என்ற கட்டத்தில் 'திருமணம்' என்று எழுதச் சொன்னார். 2011 கணக்கெடுப்பிலும் ஊர் மாறிய பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில்தான் அடைந்துகிடக்கிறார்கள். அவர்கள் பார்த்த வேலைக்கு அதில் இடமில்லை. நான் ஓரத்தில் 'செக்கிங்' என்றும் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 12

நிதி தருபவர்களோடு கூட்டம். வடமாநிலத் தொழிலாளர் ஆய்வில் உசிலம்பட்டிக்காரர் எதற்கு என்று கேட்டார்கள். முன்னால் வந்தவர் வீட்டுக்காரர், பின்னால் வந்தவர் வாடகைக்காரர். ஏற்றத்தாழ்வு இங்கே இப்படித்தான் அடுக்கடுக்காக உட்காருகிறது, ஒரு அடுக்கை மட்டும் எப்படி அளப்பது என்று கேட்டேன். முகம் சுளித்தார்கள், ஆனால் மறுக்கவில்லை. செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. பி.எஃப். இல்லாதவர்களைப் பற்றி எழுதும் எனக்கும் பி.எஃப். கிடையாது.

ஜூலை 13, சனி

சம்பள நாள். கேள்வித்தாளை எடுக்கவே இல்லை, மொபைல் கடையில் நின்றேன். பணம் அனுப்ப வரிசை. கடைக்காரர் கமிஷனை முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்.

ஓவர்லாக் பையனும் நின்றான். நாளைக்கு மாமனைக் காட்டுகிறேன் என்றான். மாமனுக்குக் கீழே இப்போது ஆறு பேராம், அடுத்த மாதம் தனியாக பவர் டேபிள் எடுக்கப் போகிறானாம்.