ஆச்சி போட்ட துண்டு

'வீட்டுக் கேமரா ரெண்டு நாளா படம் காட்டல தம்பி, ஒரு எட்டு போய்ப் பாருங்க' என்று ஆச்சியின் மகனிடமிருந்து துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு. ஆறு மாதம் முன்பு நான்தான் வைஃபை கேமரா வைத்துக் கொடுத்திருந்தேன். அடாப்டர் போயிருக்கும் என்று நினைத்துப் புதிதாக ஒன்றைப் பையில் எடுத்துப் போனேன். கேமராவுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கூடமான பட்டாசலில் அலமாரி மேல் இருந்த அதன் தலையில் ஒரு ஈரத் துண்டு கிடந்தது.

"நாந்தான் போட்டேன்" என்றார் ஆச்சி. "குளிச்சிட்டு வந்து சேலை மாத்த நான் எங்க போவேன்?" கொஞ்ச நேரம் கழித்து, "யார் யாருய்யா இதுல பாக்காவ?" என்று கேட்டார்.

மகன் மட்டும்தான் ஆச்சி என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று என் போனில் ஆப்பைத் திறந்தேன். மகன், மருமகள், சென்னையில் இருக்கும் மகள், அவர் வீட்டுக்காரர். நான்கு பேருக்குப் பகிர்ந்திருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் நம்பர் இருந்தது.

எங்கள் தொழிலில் இது சாதாரணமாக நடப்பதுதான். இந்த மாதிரிக் கேமராக்களில் அடியில் உள்ள க்யூஆர் கோடை முதலில் யார் ஸ்கேன் செய்கிறாரோ, அவர் கணக்கில் கேமரா ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் எல்லாம் அவர் பகிர்ந்தால் பார்க்கிறவர்கள்தான். பல மாடல்களில் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அது விடாது. முதல் ஆள் தன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். சைட்டில் கஸ்டமருக்கு ஓடிபி வர நேரமாகும், பெரியவர்களுக்கு ஈமெயில் இருக்காது. அதனால் எங்கள் நம்பரிலேயே பதிந்து, பகிர்ந்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். நான் ஒரு நாளும் எந்த வீட்டையும் திறந்து பார்த்ததில்லை. ஆனால் திறக்க முடியும் என்பதை ஆச்சியிடம் சொல்ல வேண்டி வந்தபோது தொண்டை அடைத்தது.

அன்று ராத்திரி எண்ணினேன். என் கணக்கில் 41 வீடுகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நேரில் போய், அவரவர் நம்பருக்கு மாற்றிக் கொடுத்து முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. "உங்ககிட்டயே இருக்கட்டும்ணே, எங்களுக்கு என்ன தெரியும்" என்று பலர் சொன்னார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பாரமாக இருந்தது. நாளைக்கு என் போன் தொலைந்தால்? கடையில் இன்னொரு பையன் அதை எடுத்துப் பார்த்தால்?

டிவிஆர், அதாவது கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி, வைத்த வீடுகளில் கதை வேறு. பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடுவது பெரிய பழக்கம். 2016-இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க இப்படித்தான் புகுந்தது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த 60-க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அட்மின்-அட்மின் அதில் ஒன்று. திறந்துகொண்ட கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்களை எல்லாம் படையாகத் திரட்டி அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் இணையதளப் பெயர்களுக்கு வழிகாட்டும் டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்க, அதை நம்பியிருந்த ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவே இல்லை. தன் வீட்டுக் கேமரா அதில் சேர்ந்தது எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்காது. கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டுதானே இருந்திருக்கும்.

இப்போது இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். நல்லதுதான், வர வேண்டிய விதி. ஆனால் சான்று வாங்கிய கேமராவை நான் என் நம்பரில் பதிந்தால் சாவி என் பையில்தான் இருக்கும். அதனால் இப்போது கஸ்டமர் போனிலேயே பதிகிறேன். ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை, அதாவது விருந்தாளிகளுக்கான தனி வலை, இருந்தால் கேமராவை அதில் போட்டுவிடுவேன். பேங்க் ஆப் உள்ள போனும் கேமராவும் ஒரே வலையில் கிடக்க வேண்டாம். பழைய டிவிஆரை மாற்றும்போது ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுக்கிறேன். அதில் அவர்கள் வீட்டுப் பல நாள் இருக்கிறது.

ஆச்சி வீட்டில் அன்றைக்கே கேமராவை என் கணக்கிலிருந்து நீக்கினேன். மகன் வீடியோ காலுக்கு வாங்கிக் கொடுத்த போனில் ஆப்பைப் போட்டு, ஆச்சி நம்பரிலேயே பதிந்தோம். பாஸ்வேர்டு கேட்டது. "என்ன போடட்டும்யா?" என்றார். "எனக்குச் சொல்லாதீங்க ஆச்சி" என்று வாசல் பக்கம் திரும்பி நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் மகனிடம் பேசி, கேமராவைத் திண்ணைக்கு மாற்றித் தெருக்கதவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

ஆச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பட்டாசல் நடுவில் போய் நின்றார்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியல ஆச்சி."

பீரோ பக்கம் நகர்ந்தார். "இப்ப?"

"இல்ல ஆச்சி."

துண்டை எடுத்து உதறிக் கொடியில் காயப்போட்டார்.