ரிசர்வாயர் மாடலிங் தாள்: எனக்குக் கைகொடுத்த பழக்கம்

ரிசர்வாயர் மாடலிங் (நிலத்தடியில் எண்ணெய் தங்கியிருக்கும் பாறையைக் கணினியில் மாதிரியாக்கும் பாடம்) தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல மதிப்பெண். படித்ததெல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். குறுவினாக்களை விடுங்கள்; மதிப்பெண்ணை ஏற்றுவதும் இறக்குவதும், ஓர் எண்ணெய் வயலின் தரவுகளைக் கொடுத்து விளக்கச் சொல்லும் அந்தப் பெரிய கேள்விதான்.

பாறையைப் பற்றி ஒரு வரி எழுதினால், அடுத்த வரியிலேயே எண்ணெய் எப்படி ஓடும் என்று எழுதிவிடுங்கள். ‘மணற்கல்லுக்கு நடுவே மெல்லிய ஷேல் (களிமண் பாறை) அடுக்குகள் உள்ளன’ என்று நிறுத்தினால் பாதி விடைதான். அதனால் செங்குத்து ஊடுருவுதிறன் (திரவம் பாறைக்குள் மேலும் கீழும் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது) குறையும், அடியிலிருந்து நீர் ஏறிவரத் தாமதமாகும், ஆனால் அந்த ஷேல் எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதைப் படிவுச் சூழல்தான் (ஆறா, கடலா, அந்த மண் எங்கே படிந்தது என்பதுதான்) சொல்லும் என்பது வரை போக வேண்டும். பல நோட்ஸ்களில் புவியியல் தனி, பொறியியல் தனி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்களை அது எவ்வளவு குழப்புகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்ஸ்கேலிங்குக்கு (நுண்ணிய அடுக்குகளின் மதிப்புகளை மாதிரியின் பெரிய கட்டத்துக்கு ஒரே மதிப்பாக்குவது) சூத்திரத்தை உருப்போட வேண்டாம், ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். சம தடிமனுள்ள இரண்டு அடுக்குகள். ஒன்றின் ஊடுருவுதிறன் 100 மில்லிடார்சி (அதை அளக்கும் அலகு), இன்னொன்றுக்கு 1. அடுக்குகளுக்கு இணையாக ஓடினால் கூட்டுச் சராசரி, 50.5. குறுக்கே ஓடினால் இசைச் சராசரி (தலைகீழ் மதிப்புகளின் சராசரிக்குத் தலைகீழ்), சுமார் 2. அதே பாறைதான், ஓடும் திசை மாறியதும் 25 மடங்கு வித்தியாசம்! இதை ஒருமுறை போட்டவர்களுக்கு எந்தச் சராசரி எங்கே என்ற சந்தேகமே வராது.

அப்புறம் அழுத்தத் தரவு. உற்பத்திக்கு முன் இரண்டு மணல் அடுக்குகள் ஒரே அழுத்தக் கோட்டில் (ஆழத்துக்கு எதிராக அழுத்தத்தைக் குறித்தால் வரும் கோடு) விழுந்தால், ‘இரண்டும் இணைந்தவை’ என்று எழுதிவிடாதீர்கள். லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்லக் கசிந்தே அழுத்தம் சமமாகியிருக்கலாம். உற்பத்தி தொடங்கிய பின் எடுத்த அளவீட்டில் ஒன்றில் மட்டும் அழுத்தம் இறங்கியிருந்தால், நடுவே தடை இருப்பதாகத் தைரியமாக எழுதலாம்.

மற்றவை சுருக்கமாக:

- கோரில் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டு) அளந்த ஊடுருவுதிறனைவிட வெல் டெஸ்டில் (கிணற்றை ஓடவிட்டோ மூடியோ அழுத்தம் மாறுவதை அளக்கும் சோதனை) வெகு அதிகமாக வந்தால், முதலில் இயற்கை விரிசல்களைச் சந்தேகியுங்கள்.
- ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) என்றால், எண்ணெய் ஓட்டத்துக்கு மூடியதா, கசிவதா என்று சொல்லாமல் நகராதீர்கள்.
- ஹிஸ்டரி மேட்சிங்கில் (மாதிரியை உண்மையான பழைய உற்பத்தித் தரவோடு பொருந்தச் செய்வது) கிணற்றைச் சுற்றி மட்டும் ஊடுருவுதிறனைப் பெருக்கி வளைவைப் பொருத்தாதீர்கள். பாறையில் காரணம் காட்ட முடியாத மாற்றம், அடுத்த கிணற்றின் கணிப்பைக் கெடுக்கும்.

நான் படம் போட்டு யோசிக்கிற ஆள், கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. அதனால் தேர்வில் முதலில் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, கிணறுகளைக் குறித்து, நீர் வரும் வழியை அம்புக்குறியால் காட்டிவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். நேரம் போகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். படம் சரியாக இருந்தால் விடையின் வரிசை தானாக வரும்.