மன்றாட்டுப் பெட்டி

சாம்பல் புதனன்று எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் நெற்றியில் சாம்பல் சிலுவை இருக்கும். காலைப் பூசை முடிந்து கோவிலிலிருந்து நேராக வகுப்புக்கு வந்துவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு புதனில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாய்ப்பாடு சொல்லாமல் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன்.

"டீச்சர், ஒங்களுக்கு மட்டும் தெனமும் சாம்பல் புதனா?"

நான் சைவ வீட்டுப் பெண். காலையில் குளித்ததும் திருநீறு பூசுவது என் அம்மா பழக்கியது. 1997இல் இந்தப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பூசாமல்தான் போனேன். பூசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கன்னியாஸ்திரி தலைமையாசிரியை, பங்குச் சாமியார் தாளாளர், எதற்கு வம்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டாவது வாரம் சிஸ்டர்தான், "என்ன டீச்சர், நெத்தி வெறிச்சோடிக் கெடக்கு?" என்று கேட்டார். இன்டர்வியூவுக்குப் பூசிக்கொண்டு போயிருந்ததைக் கவனித்திருக்கிறார்.

இந்த ஊர்க் கிழவிகள் சாம்பல் புதனை இன்னும் விபூதிப் புதன் என்றுதான் சொல்கிறார்கள். போன வருடம் குருத்து ஞாயிறுக்குக் கொடுத்த ஓலையை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு பிள்ளைகள் அந்தக் காய்ந்த ஓலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் அவர்கள் நெற்றிக்கு வருகிறது. சாணத்தைச் சுட்டது என் சம்படத்தில் இருக்கிறது. எப்படியும் மண்ணாகத்தான் போகப்போகிறோம் என்று சொல்வதில் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில், உப்பளம் ஒரு பக்கமும் வாழைத் தோட்டம் இன்னொரு பக்கமுமாக இருக்கும் ஊர். அரசு உதவி பெறும் ஆர்.சி. தொடக்கப்பள்ளி. சம்பளம் அரசாங்கத்துடையது, நியமனம் மறைமாவட்ட நிர்வாகத்துடையது. பிள்ளைகளில் பாதிப் பேர் கத்தோலிக்கர். மீதியில் பெரும்பாலும் இந்துக்கள், கொஞ்சம் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள், மூன்று நான்கு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். ஆசிரியர்களில் கத்தோலிக்கர் அல்லாதவள் ரொம்ப நாளைக்கு நான் ஒருத்திதான்.

காலைக் கூட்டம் எல்லாப் பள்ளியையும் போலத்தான். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி. அரசுப் பள்ளியிலும் இதற்கு இறைவணக்கக் கூட்டம் என்றுதான் பெயர். எங்களுக்குக் கூடுதலாக ஒரு பாட்டு, விவிலியத்திலிருந்து நாலு வரி வாசகம், அப்புறம் மன்றாட்டு. மன்றாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மதியம் 12 மணிக்குக் கோவில் மணி அடிக்கும். மூவேளைச் செபம். எது நடந்துகொண்டிருந்தாலும் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். எனக்கு அந்த நேரம் கணக்குப் பாடம். பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கியிருப்பார்கள், இன்னும் கழித்திருக்க மாட்டார்கள், மணி அடித்துவிடும். செபம் சொல்லிவிட்டு உட்காரும்போது கடன் வாங்கியது மறந்துபோயிருக்கும். இத்தனை வருடத்தில் மூவேளைச் செபத்தால் தப்பாகிப்போன கழித்தல் கணக்குகளுக்கு நான் யாரிடம் முறையிடுவது?

பிள்ளைகளின் வாயில் இரண்டு தமிழ் உண்டு. பள்ளியில் சொல்லிக்கொடுப்பது புதுத்தமிழ்: வானதூதர், தூய ஆவியார், விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே. வீட்டில் ராத்திரி செபமாலையில் பாட்டி சொல்வது பழந்தமிழ்: சம்மனசு, இஸ்பிரீத்து சாந்து, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே. இஸ்பிரீத்து சாந்து போர்த்துகீசியத்திலிருந்து வந்து இந்தக் கடற்கரையில் நானூறு வருடத்துக்கு மேலாகப் புழங்கிய சொல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் கலந்துகட்டிச் சொல்வார்கள். ஆரம்பத்தில் நான் திருத்தப் பார்த்தேன். சிஸ்டர் விடச் சொல்லிவிட்டார். "ரெண்டும் போற எடம் ஒண்ணுதான் டீச்சர்."

டிசம்பர் 3, சவேரியார் திருநாளன்று சிஸ்டர் ஒரு கதை சொல்வார். 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். பள்ளியில் படித்ததை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். வாத்தியார் வேலை பார்ப்பவளுக்கு அந்தக் கதையில் பிடித்தது ஒன்றுண்டு. மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பதில் வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் இருந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15 எங்களுக்கு இரட்டைத் திருநாள். மாதா விண்ணேற்பும் சுதந்திர தினமும். முதலில் பூசை, அப்புறம் கொடியேற்றம். இந்த ஊரில் கொடியேற்றம் என்றால் கோவில் திருவிழாவின் முதல் நாள். "கொடியேற்றத்துடன் சுதந்திர தினம் தொடங்கியது. பத்தாம் நாள் தேர்" என்று ஒருவன் கட்டுரை எழுதிக் கொடுத்தான். நல்ல கையெழுத்து. மதிப்பெண் போட்டேன்.

வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: இந்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கஷ்டமாக இல்லையா? இல்லை. அவர்கள் வீட்டுச் சாமி அலமாரியிலேயே வேளாங்கண்ணி மாதா இருப்பார். மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பூக் கொண்டுவருவதில் அவர்கள்தான் முந்துவார்கள். மறைக்கல்வி நேரத்தில் அவர்களைத் தனியாக உட்கார வைத்து நான் நன்னெறி வகுப்பு எடுப்பேன். அதுவும் சரியாகப் போகும். சிக்கல் வந்ததெல்லாம் பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகளிடம்தான். அதே இயேசு, அதே விவிலியம். ஆனால் சுரூபத்தை வணங்கக் கூடாது, மரியாளிடம் செபிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரோடுதானே வரப்புச் சண்டை வரும்.

2008 என்று நினைவு. அக்டோபர், செபமாலை மாதம். தினமும் ஒரு வகுப்பு செபமாலையில் பத்து மணிகளை உருட்டி, மணிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும். பெயர்ப்பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து வரிசையாக எழுதிவிட்டேன். நாலாம் வகுப்பில் ஒரு சபைப் பையன் முறை வந்தது. செபமாலையை நீட்டினேன், வாங்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' தொடங்கச் சொன்னேன், வாயைத் திறக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றான். முறைக்கவில்லை, அழவுமில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. திமிர் என்று நினைத்து மதியம் வரை வராண்டாவில் நிறுத்தினேன்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர், கால் வெடிப்பில் வெள்ளை படிந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றார். "படிப்புக்கு அடிங்க டீச்சர், நான் கேக்க மாட்டேன். இதுக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

சாயங்காலம் சிஸ்டர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "டீச்சர், நீங்க வந்து பதினொரு வருசம் ஆச்சு. முதல் வெள்ளிப் பூசையில எல்லாரும் முழங்கால் போடுறப்ப நீங்க கையக் கட்டிட்டு நிக்கிறீங்க. யாராவது கேட்டிருக்கோமா?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையன் நின்ற மாதிரியேதான் நானும் பதினொரு வருடம் நின்றிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவைத் தேடிப் படித்தேன். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், சம்மதம் இல்லாமல் யாரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 1986இல் கேரளத்து வழக்கு ஒன்றும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. நீக்கியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். பயிற்சிப் பள்ளியில் பரீட்சைக்காக இந்தப் பிரிவுகளை எல்லாம் நான் எழுதித்தான் பாஸ் பண்ணியிருந்தேன். வராண்டாவில் ஒரு பையனை நிறுத்தும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பையனுக்குச் சிஸ்டர் ஒரு வேலை கொடுத்தார், பள்ளிக்கூட மணி அடிப்பது. நாலாம் வகுப்புப் பையனுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடையாது. இன்னொன்றும் நடந்தது. காலைக் கூட்டத்தில் மன்றாட்டு சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றபோது ஒரு நாள் அவனே முன்னால் வந்தான். எங்கள் பிள்ளைகள் எழுதி வைத்து ஒரு வரி வாசிப்பார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்து, டீச்சர்மார், சமையல் ஆயா, முதலமைச்சர், கடலுக்குப் போனவர்கள் என்று ஒருவரையும் விடாமல் ஐந்து நிமிடம் செபித்தான். முன்வரிசைக் குட்டிகள் உட்கார்ந்துவிட்டார்கள். சிஸ்டர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மன்றாட்டு என்பது இதுதான்: ஒரு பிள்ளை தன் வேண்டுதலைச் சொல்லும், மற்ற எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். ரொம்ப நாள் வாயால் சொல்லித்தான் நடந்தது. ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, "எங்கப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிக்காம இருக்கணும்" என்றாள். பள்ளியே சேர்ந்து கேட்டருளும் என்றது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை, "நீங்க என்ன செய்வீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே சிஸ்டர் ஒரு பெட்டி வைத்தார். பழைய சாக்பீஸ் பெட்டி, மேலே ஓட்டை. எழுதிப் போட வேண்டும். பொதுவில் வாசிக்கக் கூடியதைப் பொறுக்கி எடுக்கும் பொறுப்பு எனக்கு. மற்றவை சிஸ்டருக்குப் போகும்.

ஒரு சைவக்காரியிடம் கத்தோலிக்கப் பள்ளியின் மன்றாட்டுப் பெட்டியைக் கொடுத்தது விநோதம்தான். ஆனால் என் வேலையில் அதைப்போல உபயோகமான காகிதம் வேறு பார்த்ததில்லை. ஆடு காணாமல் போனது, அக்காவுக்கு மாப்பிள்ளை வருவது, ஆச்சிக்குக் கண் ஆபரேஷன், வியாழக்கிழமையும் பாதி முட்டை தராமல் முழு முட்டை வேண்டும் என்பது. கடைசியானதைச் சாமியிடம் அனுப்பாமல் சத்துணவுக்கூடத்துக்கு நானே போய் விசாரித்தேன். அடுத்த வியாழன் முழு முட்டை வந்தது. ஒரு பையன் எழுத்துப் பிழையோடு, "டீச்சர் அடிக்கக்கூடாது" என்று போட்டிருந்தான். எந்த டீச்சர் என்று எழுதவில்லை. நான் அந்தச் சீட்டை ரொம்ப நாள் பையில் வைத்திருந்தேன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் பெட்டியில் சண்டை தொடங்கிவிடும். மழை பெய்தால் உப்பளத்தில் வேலை இல்லை, கூலி இல்லை. மழை பெய்யாவிட்டால் வாழைக்குத் தண்ணீர் இல்லை. "மழை வரக்கூடாது" என்று பத்துச் சீட்டு, "மழை வரவேண்டும்" என்று பத்துச் சீட்டு. ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவை. எதை எடுப்பது என்று சிஸ்டரைக் கேட்டேன். இரண்டையும் வாசியுங்கள் என்றார். வாசித்தோம். இரண்டுக்கும் ஒரே சத்தத்தில், கொஞ்சமும் தயங்காமல், கேட்டருளும் கேட்டருளும் என்றார்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்தது மழை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. எங்கள் ஊரில் உப்பும் போனது, வாழையும் போனது. பிள்ளைகள் களிமண்ணில் செய்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் கரைந்து, மாடுகளும் இடையர்களும் வராண்டாச் சேற்றோடு சேர்ந்துவிட்டார்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது பெட்டியே நனைந்து பிய்ந்து கிடந்தது. புதிதாக ஒன்று வைத்தோம். ரொம்ப நாளைக்கு மழை என்ற சொல்லே அதில் வரவில்லை. கொஞ்சம் மேகம் கறுத்தாலே சின்னப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் ஐப்பசியும் வந்தது. நடுவில் காலை உணவுத் திட்டம் எங்களைப் போன்ற கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்திருந்தது. 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், எங்களைப் போலவே ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கிவைத்தார்கள். முதல் நாள் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்காரன், "இது கவர்மெண்டு உப்புமாதான டீச்சர், இதுக்குமா செபம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாததால் சிஸ்டரைக் கைகாட்டினேன். "ரவையும் மழையிலதாண்டா வெளயுது" என்றார் சிஸ்டர்.

மழை என்ற சொல் அன்றைக்கு அப்படித் தற்செயலாகத் திரும்பி வந்தது. சீட்டில் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்தபோது, நாலு கோடு நோட்டில் கிழித்த தாளில், வாழைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் கையெழுத்தில் இருந்தது: "மளை கொஞ்சமா வரணும்." 'கொஞ்சமா'வுக்கு அடியில் இரண்டு கோடு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

பழக்கதோஷம், சிவப்புப் பேனாவை எடுத்து 'ளை'யை 'ழை' ஆக்கினேன். அப்புறம் திங்கட்கிழமை வாசிக்க வேண்டிய கட்டில் மேலாக வைத்தேன்.