கீரிமலைக்குப் போன தேசிக்காய்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது இல்ல விளையாட்டுப் போட்டி பற்றி ஒரு கட்டுரை. ஓட்டத்தில் நான் என்றைக்கும் கடைசிக்கு முதல் ஆள். அதை வைத்து ஒரு பந்திகூடத் தேறாது. ஆகவே ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயைப் பற்றி எழுதுகிறேன். அன்றைக்கு என்னோடு இருந்தவர்கள் குறை நிறை சொல்லலாம்.

1977, பங்குனி மாதம். ஏ.எல். விஞ்ஞான வகுப்பு. பௌதிக மாஸ்டர் அமுக்கமும் அடர்த்தியும் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும் என்று சொல்லிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினார். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், நிலாவரைக்கு அடியே இல்லையாம். அப்ப அதின்ர அடியில அமுக்கம் எவ்வளவு?"

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "நல்ல கேள்வி. அடி இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றார்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நிலாவரை, யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் இருக்கிறது. கிணறு என்று பெயர், பார்வைக்குப் படியிறங்கிப் போகும் கேணி போல. நிலவறை என்ற சொல்தான் திரிந்தது என்பது எங்கள் தமிழ் மாஸ்டரின் கட்சி. மெஷின் வைத்து இறைத்தாலும் மட்டம் இறங்காது என்பார்கள். அங்கே ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். கீரிமலை வேறு திசையில், கடலோரத்தில், சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத ஓட்டம்.

என் அம்மம்மாவுக்கு இதில் ஒரு மர்மமும் கிடையாது. இராமர் வானரப் படையோடு வந்தார், படைக்குத் தாகம் எடுத்தது, அம்பை விட்டார், தண்ணீர் வந்தது. இராமர் விட்ட அம்பு எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்பவன் மடையன். அவ்வளவுதான். அவவுடைய உலகம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் விடை தயார்.

மாஸ்டர் அடுத்த சனிக்கிழமையே எங்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முதல் ஒரு ஏற்பாடு செய்தார். இரண்டு பேரை விடியவே கீரிமலைக்கு அனுப்பினார். எங்களிடம் இரண்டு தேசிக்காயைத் தந்து, கவராயத்தின் முனையால் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைக் கீறச் சொன்னார். இரண்டிலும் ஒரே எழுத்துத்தான். கீரிமலைக்குப் போனவர்களுக்கு எந்த எழுத்து என்று சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஏன் என்று அன்று விளங்கவில்லை. பரிசோதனை என்ற சொல்லை நான் உண்மையாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

முதல் தேசிக்காய் மிதந்தது. தாழவே இல்லை. குளிக்க வந்த பெடியன் ஒருவன் அதை எடுத்து எங்களுக்கே திருப்பி எறிந்தான். இரண்டாவது பச்சைக்காய், கொஞ்சம் பாரம். மெதுவாகச் சுழன்று தாழ்ந்து பச்சைத் தண்ணீருக்குள் மறைந்தது. நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். ஒருவரும் பேசவில்லை.

கீரிமலையில் என்ன நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திங்கட்கிழமை மாஸ்டர் ஒரு கண்ணாடிச் சாடியில் உப்புத் தண்ணீரை ஊற்றினார். அதன் மேல் ஒரு கடதாசித் துண்டை மிதக்கவிட்டு, சிவப்பு மை கலந்த நல்ல தண்ணீரை அதன்மேல் துளித்துளியாக விட்டார். கடதாசியை மெல்ல எடுத்தார். கீழே தெளிவு, மேலே சிவப்பு. கலக்கவில்லை. "இதுதான் யாழ்ப்பாணம்" என்றார். "நீங்கள் சிவப்பில இருக்கிறியள்."

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது. அந்தக் கல் மயோசீன் என்ற மிகப் பழைய புவிக் காலத்துக் கடல் உயிர்களின் ஓடுகளால் ஆனது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகையும் துவாரமுமாக ஆக்கிவிட்டது. இறங்கிய மழைநீர் கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் கொஞ்சம் பாரம். 40 அடி கடல்நீரின் நிறையைத் தாங்க 41 அடி நல்ல தண்ணீர் வேண்டும். அப்படியென்றால், கிணற்றில் தண்ணீர் கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். நெதர்லாந்தில் கைபன் என்பவர் 1880-களின் இறுதியிலும், ஜெர்மனியின் வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் இதை எழுதினார்கள். கணக்கு அவ்வளவு சுலபம். ஓ.எல். பிள்ளைக்கும் விளங்கும்.

நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஆக, அடி இல்லாத கிணறு என்ற கதை முடிந்தது. எனக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை. கட்டில், அதன் கீழே சீமெந்துத் தரை, அதன் கீழே கல், கல்லுக்குள் மழை, மழைக்குக் கீழே கடல். எங்கள் வீடு, கோயில், கல்லூரி மைதானம் எல்லாம் அதன்மேல். அடியில்லாத கிணறு ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தேன். மாஸ்டர் எங்கள் வளவுக் கிணற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

பெரியப்பாவின் தோட்டக் கிணற்றுக் கதையும் அப்போதுதான் விளங்கியது. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று செழிப்பான தோட்டம். துலா மிதித்து இறைத்த காலத்தில் தண்ணீர் நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. மெஷின் வாங்கினார். வைகாசியில் தண்ணீர் போதவில்லை என்று வெடி வைத்துக் கிணற்றை இன்னும் ஆழமாக்கினார். தண்ணீர் பொங்கியது. ஊரே வந்து பார்த்தது. இரண்டு போகம் கழிய வாயில் வைக்க முடியாத சவர். கண்ணூறு என்றார்கள். அதற்கும் தேசிக்காய் வெட்டினார்கள். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு 40 அடி ஏற இடம் கிடைக்கிறது. ஆழத் தோண்டியவர் உப்பை நோக்கித் தானே இறங்கிப் போயிருக்கிறார். இந்தச் சூத்திரம் ஒன்றும் தெரியாத பழைய ஆட்கள் துலாவால் மேல்தண்ணீரை மட்டும் பக்குவமாக அள்ளினார்கள். தெரிந்து செய்தார்களா, வேறு வழியில்லாமல் செய்தார்களா? மாஸ்டரிடம் கேட்டேன். "உதைப் பௌதிகத்தில போடேலாது" என்றார்.

சாடியில் கண்ட கோடு நிலத்துக்கடியில் அப்படிக் கூர்மையாக இல்லை என்பதும் பிறகு படித்தபோது தெரிந்தது. கடல் ஏறி இறங்க, மழை கூடிக் குறைய, உப்பும் நன்னீரும் கலந்த ஒரு படை நடுவில் இருக்கிறது. கோடு கீறியது கரும்பலகையில் மட்டும்.

1985-இல் நான் ஜெர்மனிக்கு வந்தேன். வந்த விதத்தை இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்கிறேன். தெற்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு கோடையில் கூட வேலை செய்யும் ஜெர்மன்காரர் என்னை இம்மென்டிங்கன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். டானியூப் நதியைக் காட்டுகிறேன் என்றார். போய்ப் பார்த்தால் நதி இல்லை. வெறும் கல்லுப் படுகை. பிள்ளைகள் நடுவில் விளையாடுகிறார்கள். வருடத்தில் பல நாள் நதியின் தண்ணீர் முழுவதையும் அங்குள்ள சுண்ணாம்புக் கல் குடித்துவிடுகிறது.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "அப்ப தண்ணி எங்க போகுது?" என்று என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை அங்கிருந்து ஆஹ் என்ற சிற்றூருக்குக் காரில் கொண்டுபோனார். மலையடியில் ஒரு பெரிய ஊற்று. ஜெர்மனியிலேயே பெரியது. செக்கனுக்குச் சராசரி 8,000 லீற்றருக்கு மேல் பொங்குகிறது. டானியூப்பில் மறைந்த தண்ணீர்தான் இது என்று நிரூபித்தவர் க்னொப் என்ற புவியியல் பேராசிரியர். பச்சைச் சாயம் 10 கிலோவும், கூடவே உப்பும் எண்ணெயும் நதி மறையும் இடத்தில் போட்டார். ஏறக்குறைய 60 மணித்தியாலம் கழித்து 12 கிலோமீற்றர் தள்ளி இந்த ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. தண்ணீர் உப்புக் கரித்தது. கருங்கடலுக்குப் போகவேண்டிய டானியூப் தண்ணீர் இந்த வழியால் றைன் நதியில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. யாருடைய தண்ணீர் என்று அன்றைய ஜெர்மன் மாநிலங்களான வூர்ட்டம்பேர்க்கும் பிரஷ்யாவும் பாடன் மாநிலத்தோடு நீதிமன்றம் ஏறி, 1927-இல் தீர்ப்பும் வந்தது.

க்னொப் சாயம் போட்டது 1877-இல். எங்கள் தேசிக்காய்க்குச் சரியாக நூறு வருடம் முந்தி. மூன்று பொருளை ஏன் போட்டார் என்று யோசித்தபோது மாஸ்டரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒன்று பொய் சொன்னாலும் மற்றது காட்டிக்கொடுக்குமல்லவா. பாதை தெரிந்துவிட்டது என்று அந்த ஜெர்மன்காரர் பெருமையாகச் சொன்னார். நுழைவாயிலும் வெளிவாயிலும் தெரியும், உண்மை. நடுவே இருட்டில் எத்தனை குகை, எத்தனை குளம்! சுழியோடிகள் பார்த்தது அதில் ஒரு துண்டு. அந்த ஊற்றங்கரை வாங்கில் இருந்து சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தேன். மனைவி கட்டித்தந்த புளிச்சாதம். அவருக்கும் கொடுத்தேன். அவர் வாசனை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

சரி, கீரிமலை. அன்றைக்கு விடியப் போன இருவரும் பொழுதுபடும்வரை ஆண்கள் கேணியில் காவல் இருந்தார்கள். க்னொப்புக்கு 60 மணித்தியாலம், நாங்கள் கொடுத்தது ஒரு பகல். அதிலும் கீரிமலையில் சடங்கு செய்ய வருபவர்கள் விட்ட பூவும் தேசிக்காயும் எப்போதும் மிதக்கும். தேடுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஆனாலும் இருவரில் ஒருவன், எழுத்துக் கீறிய தேசிக்காய் ஒன்றைத் தன் கையால் எடுத்ததாகச் சத்தியம் செய்தான். எங்கே காட்டு என்றால், பசியில் உப்புத் தொட்டுத் தின்றுவிட்டானாம். எழுத்து என்ன என்று மாஸ்டர் கேட்டார். "வடிவாய் விளங்கேல்லை சேர், அழிஞ்சு போச்சு" என்றான். மாஸ்டர் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்று சொல்லவில்லை. கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மாஸ்டர் இப்போது இல்லை. கீரிமலைக்குப் போன மற்றவனும் இல்லை. பல வருடம் அந்தக் கேணிப் பக்கம் ஒருவரும் போக முடியாத காலமும் வந்து போனது. சத்தியம் செய்தவன் ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். ஒன்றுகூடல்களில் கண்டால் இன்றைக்கும் அதே கதைதான். இந்த மலர் அவன் கைக்கும் போகும். அதனால்தான் நாங்கள் கீறிய எழுத்தை இந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் எழுதவில்லை. மச்சான், இப்பவாவது ஞாபகம் வந்தால் ஒரு வரி எழுது.