ஃபிரேம்வொர்க் இல்லாத ஜாவாவில் யாமல்: ஓர் அரிசி ஆலைக்காகச் செய்தது

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எடைமேடை நிரல் எழுதிக் கொடுத்தேன். நெல் லாரி மேடையில் ஏறியதும் சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்கி, ரகத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ரசீது அச்சிட வேண்டும். இதற்கு ஸ்பிரிங் பூட் போன்ற பெரிய ஃபிரேம்வொர்க் தேவையில்லை. அங்கே இருப்பது பழைய விண்டோஸ் கணினி. மெயின் மெத்தடில் தொடங்கி ஓடும் ஒரே ஒரு ஜார் கோப்பு போதும்.

முதலில் எல்லா அமைப்புகளையும் நிரலுக்குள்ளேயே வைத்திருந்தோம். குறுவை அறுவடை தொடங்கியதும் ஆலை மூடும் நேரம் தள்ளிப்போனது. "தம்பி, நேரத்தை மாத்தக்கூட உங்களைத்தான் கூப்பிடணுமா?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது என்றாலும், ஏடிடி 43, சிஆர் 1009 என்று நீளும் ரகப் பட்டியலையும் ஒவ்வொரு ரகத்துக்குமான விவரங்களையும் அதில் எழுதினால் படிக்கச் சிரமம். அதனால் யாமல்: அமைப்புகளைச் சாவியும் மதிப்புமாக, உள்தள்ளிய வரிகளில் எழுதும் உரைக்கோப்பு வடிவம்.

ஜாவாவின் சொந்த நூலகத்தில் யாமல் படிக்கும் வசதி கிடையாது. ஸ்நேக்யாமல் நூலகத்தை, வெளி நூலகங்களைக் கொண்டுவரும் கருவியான மேவனில் சேர்த்துக்கொண்டேன். எடுப்பவர்கள் 2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே எடுங்கள். பழைய பதிப்புகள், யாமல் கோப்புக்குள் ஒரு ஜாவா கிளாஸின் பெயரை டேகாக (வகைக் குறிப்பாக) எழுதிவைத்தால் அந்த கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும். 2022-இல் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவான இந்த வழியை, 2.0 இயல்பாகவே அடைத்துவிட்டது.

கோப்பைத் திறக்க ஃபைல்ஸ் கிளாஸின் நியூபஃபர்ட்ரீடரில் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுத்தேன். ரசீதின் அடியில் தமிழ் வரிகள் வருகின்றன. ஜாவா 18-க்கு முன்பு விண்டோஸில் வெறும் ஃபைல்ரீடரால் படித்தால், கணினியின் கோட்பேஜ் (எழுத்துக் குறியாக்கம்) எதுவோ அதன்படி படித்துத் தமிழைச் சிதைத்துவிடும்.

இதுவரை சுலபம். நேரம் பிடித்தது அடுத்த கட்டம். ஸ்நேக்யாமலின் லோட் மெத்தடைக் கூப்பிட்டு, வந்த மேப்பை (சாவி-மதிப்புத் தொகுப்பை) அப்படியே திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். யாமல் எழுதும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது செய்ய வேண்டும். திறக்கும் நேரம் 06:30 என்று இருந்தது, ஸ்ட்ரிங்காகவே (எழுத்துத் தொடராகவே) வந்தது. மூடும் நேரம் 18:30, அது 1110 என்று வந்தது! ஸ்நேக்யாமல் பின்பற்றுவது யாமல் 1.1. அதில் முக்காற்புள்ளி இட்ட எண் 60-ஐ அடியாகக் கொண்ட எண். 18-ஐ 60-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டிவிடுகிறது. பூஜ்யத்தில் தொடங்கும் 06:30 அந்த விதிக்குள் வராததால் தப்பித்தது.

தொலைபேசி எண்ணிலும் இதே கதைதான். எஸ்டிடி கோடுக்குத் தனி வரி வைத்திருந்தோம். மன்னார்குடியின் 04367, 2295 ஆகிவிட்டது. கும்பகோணம் கிளையின் 0435, 285. பூஜ்யத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே இருந்தால், அதை எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொள்கிறது. காரைக்காலின் 04368-க்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் 8 இருக்கிறதே! ஒரே கோப்பில் ஓர் ஊர் சரியாகவும் பக்கத்து ஊர் தப்பாகவும் வந்தால், ரசீதைப் பார்ப்பவருக்குக் காரணமே பிடிபடாது. எண்ணைப் போலத் தெரியும் எழுத்துகளுக்கெல்லாம் மேற்கோள் குறி போட்டேன்.

ஈரப்பத வரம்பு வேறு விதம். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். ஆலையும் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறது. 17 என்று எழுதினால் இன்டிஜராக (முழு எண்ணாக) வரும், 17.5 என்றால் டபுளாக (தசம எண்ணாக) வரும். டபுளுக்கு நேரடியாக காஸ்ட் செய்தால் இன்று ஓடும் நிரல், யாரோ தசமத்தை எடுத்த நாளில் நின்றுவிடும். நம்பர் என்று வாங்கி டபுள்வேல்யூ கூப்பிட்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

மேப்புக்குப் பதிலாக பீன் கிளாஸ் (மதிப்புகளை செட்டர் மெத்தடுகளால் ஏற்கும் கிளாஸ்) கொடுத்து ஸ்நேக்யாமலையே நிரப்பச் சொல்லலாம். செட்டர்கள் எழுத வேண்டும், உருவாக்கிய பின் மதிப்பு மாறாத ஜாவா ரெக்கார்டோடு ஒத்துவராது. நான் மேப்பாகவே வாங்கி, ஒரே கிளாஸில் ஒவ்வொரு சாவியையும் சரிபார்த்து ரெக்கார்டாக மாற்றினேன். வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் தவறு நேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. "மூடும் நேரம் இல்லை" என்று தமிழில் சொல்லி, எடை போடத் தொடங்கும் முன்பே நிரல் நின்றுவிடும். கோப்பு காலியாக இருந்தால் லோட் நல் (null, வெறுமை) திருப்பும். அதையும் அங்கேயே பிடிக்கிறேன். ஒரே சாவி இரண்டு முறை வந்தால் ஏற்காதபடி ஸ்நேக்யாமலின் லோடர்ஆப்ஷன்ஸ் கிளாஸில் சொல்லிவிட்டேன். டேப் விசையால் உள்தள்ளினால் நூலகமே பிழை காட்டும், வரி எண்ணோடு.

கோப்பு ஜாருக்கு வெளியே, அதே ஃபோல்டரில் இருக்கிறது. ஜாருக்குள் வைத்தால் கணக்குப்பிள்ளையால் திருத்த முடியாது.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஸ்நேக்யாமல் எஞ்ஜின் என்ற தனி நூலகத்தையும் பாருங்கள். அது பின்பற்றுவது யாமல் 1.2, 18:30 அதில் ஸ்ட்ரிங்காகவே வரும். எஸ்டிடி கோடுக்கு மட்டும் அங்கேயும் மேற்கோள் குறியை விடாதீர்கள்.